யவனன் தந்த உணவு மண்டபம்

பணிமாறுதல் பெற்றுத் திருநெல்வேலியிலிருந்து புனே நகருக்கு வந்து அப்போது ஆறு திங்களே ஆகியிருந்தன. ஒரு நாள் மாலை, பள்ளி வாயிலில் நின்று, ஐந்தாம் வகுப்பில் படித்த என் மகளை, "கண்ணு, இங்கே வா!" என்று உரக்க அழைத்தேன். ஓடி வந்தவளின் முகம் வாடியிருந்தது. "அம்மா, எல்லார் முன்னாலும் தமிழில் கூப்பிடாதே, சிரிக்கிறார்கள்" என்று மெல்லச் சொன்னாள்.

நான் விடை கூறவில்லை. பிறர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, என் பிள்ளைக்குச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. அவளைக் கடிந்துகொள்ளவும் எனக்குத் தகுதியில்லை. ஆசிரியர் அறையில் புளியோதரையை மூடியால் பாதி மறைத்தபடி உண்டு வந்தவள்தானே நான்? இந்தி தடுமாறும், மராத்தி வராது. ஆதலால் பேசாமலிருப்பதே நலம் என்று எண்ணியிருந்தேன்.

டிசம்பர்த் திங்களில் ஒரு சனிக்கிழமை, உடன் பணியாற்றும் மராத்தி ஆசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். "தாயீ, தனியே அமர்ந்து என்ன செய்கிறீர்கள்? மகளையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்" என்றார். மராத்தியில் 'தாயீ' என்றால் அக்கா. அச்சொல் என் செவியில் 'தாயே' என்றே ஒலித்தது, மறுக்க இயலவில்லை. வங்காளத்தைச் சேர்ந்த வரலாற்று ஆசிரியரும் எங்களுடன் சேர்ந்துகொண்டார்.

கோரேகாவ் பார்க் பகுதியில் ஒரு சிறிய கிரேக்க உணவகத்துக்குச் சென்றோம். வெள்ளைச் சுவர்கள், நீல வண்ணம் பூசிய மர நாற்காலிகள். பகட்டு ஏதும் இல்லை. அருகருகே நெருங்கி அமர்ந்து, நடுவில் வைத்த தட்டுகளிலிருந்து எல்லாரும் எடுத்து உண்ணும் முறை. சூடான பிட்டா ரொட்டியும், ஆலிவ் காய்களும், வெண்ணிறப் பாலாடைக்கட்டி இட்ட காய்க்கலவையும் வந்தன. ஒரு கிண்ணத்தில் 'ட்சட்சிகி' என்னும் தொடுகறி இருந்தது. என் மகள் அதைத் தொட்டுச் சுவைத்தாள். அவள் கண்கள் விரிந்தன.

"அம்மா, இது நம் வீட்டு வெள்ளரிக்காய்ப் பச்சடி!"

"இல்லை, எங்கள் வீட்டுக் காக்டி கோஷிம்பீர்!" என்றார் மராத்தி ஆசிரியை.

இருவர் சொன்னதும் பொய்யன்று. தயிர், வெள்ளரிக்காய், உப்பு. கிரேக்கர் அதில் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பர். மராத்தியர் வறுத்த நிலக்கடலைப் பொடி தூவுவர். நாம் கடுகு தாளிப்போம். அவ்வளவே வேறுபாடு. அடுத்து வந்த 'தோல்மா' திராட்சை இலையில் பொதிந்த சோறு. அதைக் கண்டதும் அயல்நாட்டு உணவு என்ற அச்சம் எனக்கும் அகன்றது.

மேசைமேல் இருந்த மிளகுத்தூள் குப்பியைக் காட்டி, "இது எந்த ஊர்ப் பொருள் தெரியுமா?" என்று கேட்டார் வரலாற்று ஆசிரியர். அன்றுதான் நான் வாய் திறந்து நெடுநேரம் பேசினேன். யவனரின் கப்பல்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது என்றேன். சேரரின் முசிறித் துறையைப் பற்றிச் சொன்னேன். கிரேக்கர் மிளகைப் 'பிபேரி' என்பர். அது 'பிப்பலி' என்னும் இந்தியச் சொல்லிலிருந்து சென்றது என்றும் விளக்கினேன். என் இந்தி அன்றும் தடுமாறியது, எவரும் சிரிக்கவில்லை.

"யவனர் உங்கள் கடற்கரைக்கு மட்டும் வரவில்லை, இந்தப் புனே மாவட்டத்திலும் வாழ்ந்திருக்கிறார்கள்" என்று தொடர்ந்தார் அவர். இங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வடக்கே ஜுன்னர் என்னும் ஊர் உள்ளது. சத்ரபதி சிவாஜி பிறந்த சிவ்னேரிக் கோட்டை அங்கேதான் இருக்கிறது. அவ்வூரைச் சூழ்ந்த குன்றுகளில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவியர்க்காகக் குடைந்த குகைகள் பல உள்ளன. அங்குள்ள கல்வெட்டொன்று, சிடன் என்னும் யவனன் சங்கத்துக்கு ஓர் உணவு மண்டபம் அளித்த செய்தியைக் கூறுகிறது. இரிலன் என்னும் மற்றொரு யவனன் இரண்டு நீர்த்தொட்டிகளை அளித்தான். புனேவிலிருந்து மும்பை செல்லும் வழியிலுள்ள கார்லே குகையின் தூண்கள் சிலவும் யவனர் அளித்த கொடைகளே.

யவனர் என்ற சொல் முதலில் கிரேக்கரையும், பின்னர் மேலைநாட்டார் பிறரையும் குறித்தது.

கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "தாம் வேற்றூர்க்காரர் என்பதை அவர் மறைக்கவில்லையா?" என்று வினவினாள்.

"மறைக்கவில்லையம்மா. 'யவனன்' என்று கல்லிலேயே வெட்டச் செய்திருக்கிறார்."

"எந்த மொழியில்?"

"இந்நாட்டில் வழங்கிய பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில்."

அவள் மேலும் ஏதும் கேட்கவில்லை. ஆனால், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிடனை யாரேனும் கண்டு சிரித்திருப்பார்களோ? அவன் பேச்சும் தடுமாறியிருக்குமோ? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அது சொல்வன மூன்றே: தான் யார் என்பதை அவன் ஒளிக்கவில்லை, வந்த நாட்டின் மொழியை வெறுக்கவில்லை, பிறர் அமர்ந்து உண்ண ஓர் இடம் தந்தான். நானோ ஆறு திங்களாக என் உணவையே மறைத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் புளியோதரைப் பாத்திரத்தை மேசையின் நடுவில் திறந்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அது காலியாயிற்று. எனக்கு ஒரு கவளமே கிடைத்தது. அதுவே வயிறு நிறையப் போதுமானதாக இருந்தது. மராத்தி ஆசிரியையிடம் அன்றே மராத்தி எழுதப் படிக்கத் தொடங்கினேன்.

சனவரியில் பொங்கல் வந்தது. மராத்தியர்க்கு அது சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்த 'தில்குள்' இனிப்பை ஒருவருக்கொருவர் கொடுத்து, இனிமையாகப் பேசுவோம் என்று வாழ்த்திக்கொள்வர். என் மகளின் தோழியர் அவள் கை நிறைய அதைக் கொடுத்தனர். மறுநாள் அவளே கேட்டு, ஒரு தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துச் சென்றாள்.

அன்று மாலை பள்ளி வாயிலில் நான் அமைதியாகவே நின்றேன்; அழைக்கவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

"அம்மா! சட்டி காலி! நாளைக்கும் வேணுமாம்!"

தமிழில்தான் கூவினாள். திரும்பிப் பார்த்தவர்களைப் பார்த்து அவளே முதலில் சிரித்தாள்.