‘டக்’ என்று கேட்டால் இறங்கு

மயிலாப்பூரில் நான் சைக்கிள் பழகிய நாளில், மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தரம் ‘டக்’ என்று கேட்டால் அங்கேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிடு என்பார் வாடகைக் கடை அண்ணன். காட்டர் பின் தளர்ந்த சத்தம் அது. 1949-இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆனாலும் சரி, வேறு எந்தக் கறுப்பு வண்டி ஆனாலும் சரி, கிராங்கை அச்சோடு பிடித்திருந்தது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த ஆப்புதான்.

அவர் பின் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுப்பார். முட்டு இல்லாவிட்டால் சுத்தியடி நேரே பால்ரஸ்ஸில் இறங்கிக் கப்பைப் பள்ளமாக்கிவிடும். இரண்டு கிராங்கும் படுக்கையாக இருக்கையில் ஒரு நட்டு மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்க வேண்டும். மாறினால் கிராங்குகள் நேர்க்கோட்டில் நிற்காது. நட்டை முறுக்கிப் பின்னை இழுக்கவே மாட்டார். சுத்தியால் உட்காரவைத்த பிறகுதான் நட்டு.

அந்தக் கைவேலை போன மாதம் அடையாறில் எனக்கு உதவியது. அக்கா மகன் ஒரு டிரையல்ஸ் சைக்கிளைப் பகுதி பகுதியாகச் சேர்த்து வைத்திருந்தான். 20 அங்குலச் சக்கரம், சீட் கிடையாது. கல், சுவர், படிக்கட்டு எதன்மேலும் காலை ஊன்றாமல் தாவி ஏறுவதற்கான வண்டி. எடின்பரோவில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த டேனி மெக்அஸ்கிலின் 2009 வீடியோவைப் பார்த்து வந்த ஆசை.

நம் வண்டியில் முன்பல்சக்கரம் 40 பல்லுக்கு மேல். இதில் 18, பின்னால் 12. பெரிய பல்சக்கரம் இருந்தால் கல்லில் இடிக்கும். ஃபிரீவீலும் பின்சக்கரத்தில் இல்லை, வலது கிராங்கிலேயே மரையேறுகிறது. மிதிக்க மிதிக்க அது இறுகும் என்பதால் மரையில் கிரீஸ் தடவச் சொன்னேன். இல்லாவிட்டால் கழற்றவே முடியாது. அதற்கு வெளியே பேஷ் கார்டு என்ற அலுமினிய வளையம். சுவர் விளிம்பில் வண்டியின் வயிறு மோதும்போது அடியை அது வாங்கிக்கொள்ளும், செயின் பிழைக்கும். அதன் விளிம்பு செயினைவிட வெளியே நிற்க வேண்டும், செயினை உரசவும் கூடாது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

இடது பெடலை வழக்கமான பக்கமாகத் திருகப் போனான். “டேய், அது எதிர் மரை!” என்று கையைப் பிடித்தேன். அலுமினியக் கிராங்கில் மரை போனால் போனதுதான்.

மறுநாள் பெசன்ட் நகரில் மூன்றாவது தாவலில் ‘டக்’ என்றது. “மாமா, இறங்கிட்டேன்” என்றான். சதுர அச்சில் கிராங்கைப் பிடித்திருந்த போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் சதுர ஓட்டை உருண்டுபோயிருக்கும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கிராங்க் நிற்காது.

எந்த சைக்கிளானாலும், கிராங்க் மாற்றிய முதல் ஓட்டம் முடிந்ததும் மறக்காமல் ஒரு தரம் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள்.