தானே முளைத்த தும்பை

நந்தவனம் வைத்தலும், அதன்கண் அலர்ந்த பூக்களைக் கொய்து இறைவனுக்குச் சாத்துதலும் சரியைத் தொண்டுகளாம் என்பது சைவ நன்மக்கள் அறிந்ததே. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரையும் கொய்து திருப்புகலூரிற் பணிசெய்த முருக நாயனார் வரலாறே அதற்குச் சான்றாகும். அத்தொண்டின் ஒரு சிறு கூற்றிலே யான் செய்த பிழையையும், அதனாற் பெற்ற தெளிவையும் ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

எம் இல்லத்தின் பின்புறத்தே சிறு தோட்டம் ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு மழை தொடங்கியதும் அங்கே எண்ணிறந்த நாற்றுக்கள் தாமே முளைத்தெழுந்தன. யான் அவற்றைக் களையெனக் கருதிக் கொத்தியெறிந்து, நிலத்தைத் திருத்தி, விலைக்கு வாங்கிய செவ்வந்தி நாற்றை நிரல்பட நட்டேன். அதுவோ அடைமழையில் வேரழுகி மடிந்தது. கார்த்திகைச் சோமவாரத்தன்று பூக்குடலையுடன் சென்ற என் அன்னையார் வெறுங்குடலையோடு மீண்டு, “தும்பையெல்லாம் எங்கேயப்பா?” என வினவினார். “அவை யாரும் விதைக்காமல் முளைத்த களைகள், அம்மா, கொத்திவிட்டேன்” என்றேன். “நாம் விதைக்கவில்லை என்று சொல், யாரும் விதைக்கவில்லை என்று சொல்லாதே” என்றார்.

அச்சொல் என் நெஞ்சிற் தைத்தது. இல்லது தோன்றாது என்பதன்றோ நம் சித்தாந்தத்தின் சற்காரியவாதம்? குடத்திற்கு மண் முதற்காரணமும், தண்ட சக்கரம் துணைக்காரணமும், குயவன் நிமித்த காரணமும் ஆதல்போல, அந்நாற்றுக்கு முன்னைத் தும்பை உதிர்த்த வித்து முதற்காரணம். நிலமும் மழையும் துணைக்காரணம். நிமித்த காரணனோ யான் அல்லேன். என் கை படாத இடத்தே இறைவன் செயல் நிகழ்தலை அன்னையார் கண்டார்; நூலோதிய யான் கண்டிலேன். ‘யான் நட்டேன்’ என்னும் செருக்கே என் கண்ணை மறைத்தது.

மண்ணில் எஞ்சிக்கிடந்த வித்துக்கள் 2019ஆம் ஆண்டு மழையில் மீண்டும் முளைத்தன. நாற்கோணத் தண்டும், எதிரெதிராய் அமைந்த ஒடுங்கிய இலையும், கசக்கினால் எழும் மணமும் கொண்டு தும்பையை அறிந்தேன். நெருங்கி நின்றவற்றை நாலைந்து இலை விட்ட பருவத்தே, மாலைப் பொழுதில், நீர் தெளித்து வேர்மண்ணோடு பெயர்த்துச் சாண் இடைவெளியில் நட்டு, மூன்று நாள் நிழல் செய்தேன். ஊடே முளைத்த ஊமத்தையும் சிவபிரானுக்கு உகந்ததே. எனினும் அதன் காயும் வித்தும் நஞ்சாதலின், குழந்தைகள் எட்டாத மூலையில் அதனை வைத்தேன். மதிற்பிளவில் வேரூன்றிய எருக்கை, அதன் பால் கண்ணிற் படாதவாறு காத்து, இளமையிலேயே களைந்தேன்.

ஆயினும் இடமின்றி எஞ்சிய நாற்றுக்கள் பல. அகமலர் எட்டனுள் கொல்லாமையும் ஒன்றாயிருக்க, புறமலரின் பொருட்டு ஓருயிரைப் பறித்தல் தகுமோ என்னும் ஐயம் எழுந்தது. ஆதலின் ஒரு பாத்தியில் மட்டும் ஒன்றையும் பறியாது விட்டுவைத்தேன். அவை ஒன்றையொன்று நெருக்கி, வெளிறி மெலிந்து, பெரும்பாலும் பூவாமலே மடிந்தன. வாளா விடுதலும் அருளாகாது என அறிந்தேன். பின்னர், கொடுக்கக் கூடியவற்றை அயலார்க்குக் கொடுத்து, எஞ்சியவற்றை வருத்தத்தோடே களைந்தேன். அச்செயல் எனதன்று எனத் தப்பவும் இல்லை, தொண்டெனச் செருக்கவும் இல்லை, திருவடிக்கே ஒப்புவித்தேன்.

அவ்வாண்டுக் கார்த்திகையில் அன்னையாரின் குடலை வெண்டும்பையால் நிறைந்தது. ஆயினும் செடிதோறும் சில கொத்துக்களை அவர் கொய்யாது விடுதலைக் கண்டு காரணம் வினவினேன். “விதைக்கின்றவனுக்கு வித்து வேண்டாமா?” என்றார்.

திருச்சிற்றம்பலம்.