குளிர்ந்த நீரின் நகரம்

பெருநகரங்கள் பல ஆற்றங்கரையிலோ, துறைமுகத்திலோ, அரசர்தம் கோட்டையைச் சுற்றியோ வளர்ந்தவை. கென்யாவின் தலைநகராகிய நைரோபியோ ஒரு புகைவண்டிப் பண்டசாலையாகப் பிறந்தது.

மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து 1896-இல் ஆங்கில அரசு தொடங்கிய இருப்புப்பாதை, 1899-இல் ஒரு சதுப்பு நிலத்தை வந்தடைந்தது. அதற்கப்பால் ஏறுவதற்கரிய மேட்டு நிலம். ஆகவே தளவாடங்களைச் சேர்த்து வைக்க இவ்விடத்தைத் தெரிந்துகொண்டனர். மசாய் மக்கள் தங்கள் மாடுகளுக்கு நீர் காட்டிய இடம் அது. 'குளிர்ந்த நீர்' என்னும் பொருளுடைய அவர்களது மொழிவழக்கே நகரின் பெயராயிற்று.

அப்பாதையை அமைக்க அன்றைய இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் சுமார் 2,500 பேர் அங்கேயே மடிந்தனர். நகரின் அடித்தளத்தில் அவர்களது உழைப்பும் உயிரும் கலந்திருப்பதை நாம் மறத்தலாகாது.

1905-இல் நைரோபி தலைநகராயிற்று. உயர்ந்த மேற்குப் பகுதியில் வெள்ளையர் வாழ்ந்தனர்; தாழ்ந்த கிழக்குப் பகுதி ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கப்பட்டது; இந்தியருக்கும் தனி இடம் வகுக்கப்பட்டது. 1963-இல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் அன்று வகுத்த எல்லைகளின் தடம் நகரின் அமைப்பில் இன்றும் தென்படுகிறது.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்தும், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால் நைரோபி இதமான குளிர்ச்சியுடையது. 1946-இல் அமைந்த தேசியப் பூங்காவில், வானளாவிய கட்டடங்கள் தொலைவில் தெரிய, சிங்கங்கள் உலவுகின்றன. இக்காட்சி நம்மை வியக்க வைக்கிறது.

ஆனால் நம் மனத்தைத் தைப்பது வேறொன்று. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 43 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இந்நகரில், கிபேரா போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் குழாய் நீர் எல்லா வீடுகளுக்கும் எட்டுவதில்லை. ஞெகிழிக் கலன்களில் நீரை விலைக்கு வாங்கி, தாய்மார் குறுகிய சந்துகளில் சுமந்து செல்கின்றனர். வீட்டுக் குழாயில் நீர் பெறும் வசதியுள்ளோர் செலுத்துவதைவிட இவர்கள் கொடுக்கும் விலை பன்மடங்கு அதிகம்.

ஒரு காலத்தில் மசாய் மக்களின் கால்நடைகள் விலையின்றி வயிறாரக் குடித்த நீர் அது. அந்நீரின் பெயரைத் தாங்கிய நகரம், தன் ஏழை மக்களின் குடத்தை நிரப்பும் நாளில்தான் தன் பெயருக்கு உரியதாகும் என்று நமக்குத் தோன்றுகிறது.