சோழமண்டலக் கரையில் ஒரு சித்திரக் கிராமம்

சென்னையிலிருந்து மகாபலிபுரத்துக்கு மோட்டாரில் புறப்படும் அன்பர்கள் அனைவருக்கும் ஒரே அவசரந்தான். ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் தரிசித்துவிட்டு, கொண்டுபோன புளியோதரையை நிழல் கண்ட இடத்தில் உண்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். போகிற வழியில், திருவான்மியூர் மருந்தீசரைத் தாண்டிச் சில மைல் தூரத்தில், ஈஞ்சம்பாக்கம் என்று ஓர் ஊர் வருகிறது. அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் சிலரே. ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் பல்லவ நாட்டுச் சிற்பிகள் முடித்தும் முடிக்காமலும் விட்டுப்போன வேலையைக் காண்பதற்காகப் பறந்து போகிற நாம், நம் காலத்துச் சிற்பி ஒருவர் இன்று காலையில் தொடங்கிய வேலையைக் காண்பதற்கு ஐந்து நிமிஷம் நிற்பதில்லை!

ஈஞ்சம்பாக்கத்தில் இருப்பது சோழமண்டல ஓவியர் கிராமம். வெள்ளைக்காரர்கள் நமது கீழைக் கடற்கரைக்கு இட்ட ‘கோரமண்டல்’ என்னும் பெயர் ‘சோழமண்டலம்’ என்பதன் சிதைவே என்பர். சிதைந்த பெயரை ஒதுக்கிவிட்டு மூலப் பெயரையே தங்கள் கிராமத்துக்குச் சூட்டியவர்களின் தமிழ்ப் பற்றை மெச்சிக்கொண்டே நாம் உள்ளே நுழைந்தோம். பிறகுதான் நினைவு வந்தது: கிராமத்தை நிறுவியவருடைய தாய்மொழி மலையாளம்!

அவர் பெயர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ஆம் வருஷம் கோயம்புத்தூரில் பிறந்தவர். தகப்பனார் காலமாகிவிடவே, குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு இளம் வயதிலேயே தலையில் விழுந்தது. தந்தி இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். சித்திரம் எழுத வேண்டிய விரல்கள் சில வருஷங்கள் தந்தி அலுவல் பார்த்தன. இருபத்தைந்தாவது வயதில்தான், 1936-இல், சென்னை ஓவியக் கலாசாலையில் மாணவராகச் சேர முடிந்தது. 1850-ஆம் வருஷம் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய கலாசாலை அது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌதரி. மெரினா கடற்கரையில் நான்கு பேர் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதை வார்த்த மகா சிற்பி அவரே. அவருக்குப் பின் 1957-இல் அந்த நாற்காலியில் பணிக்கர் அமர்ந்தார்.

நாற்காலியில் அமர்ந்தவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. ஆண்டுதோறும் கெட்டிக்கார மாணவர்கள் பட்டயம் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள். வெளியேறிய பிறகு என்ன செய்கிறார்கள்? அதிருஷ்டசாலிகளுக்கு நெசவாளர் சேவை மையத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் விளம்பரப் பலகை எழுதப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். அதுவும் கிட்டாதவர்கள் குமாஸ்தாவானார்கள். படம் வாங்க நம் ஊரில் யார் இருந்தார்கள்? நமது இல்லங்களின் சுவர்களை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் இனாமாகக் கொடுத்த காலண்டர் லக்ஷ்மி இருக்கிறாள். தாத்தாவின் புகைப்படம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சித்திரம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? நம்மையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

ராஜாக்கள் போய்விட்டார்கள். பிரபுக்கள் கச்சேரிக்குக் கொடுப்பார்கள். படத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். சர்க்கார் தயவை நம்பினால் சர்க்காருக்குப் பிடித்ததை எழுத வேண்டியிருக்கும். ஆகவே பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நான்காவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கைத்தொழில் செய்து பிழைப்பது. மிச்சமுள்ள பொழுதில் யாருடைய உத்தரவும் இல்லாமல் சித்திரம் எழுதுவது. இதற்காகக் கலைஞர்களே கைவினைச் சங்கம் ஒன்று அமைத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்த தொழில்களில் முக்கியமானது ‘பாத்திக்’ என்னும் மெழுகுச் சாயம். ஜாவாத் தீவில் பெரும் பேர் பெற்றது. துணியில் எங்கே சாயம் ஏறக் கூடாதோ அங்கே உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசிவிடுகிறார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்குகிறார்கள். முதலில் வெளிறிய நிறம். உலர்ந்ததும் மறுபடி மெழுகு. மறுபடி அதைவிட அழுத்தமான நிறம். இப்படி மூன்று நான்கு தடவை. கடைசியில் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று, உள்ளே ஒளிந்திருந்த நிறங்கள் எல்லாம் ஒருங்கே வெளிப்படுகின்றன. துணியைக் கசக்கும்போது மெழுகில் விரிசல் விழும். அவ்விரிசலில் சாயம் புகுந்து சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளை எந்த ஓவியனும் முன்கூட்டி எண்ணி எழுத முடியாது. அதுவே அதன் அழகு. நமது பெண்மணிகள் இந்தத் துணியைக் கண்டால் சும்மா விடுவார்களா? விற்பனை நன்றாகவே நடந்தது.

அந்தப் பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-ஆம் வருஷம் கிராமம் உதயமாயிற்று. பணிக்கருடன் சேர்ந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். பெரும்பாலும் அவரிடம் படித்தவர்கள். இன்று அந்தச் சாலையில் மாளிகைகளும் ஹோட்டல்களும் நெருங்கி நிற்கின்றன. அன்று அங்கே மணலும் மரங்களும் கடற்காற்றுந்தான். ஓவியர்கள் முதலில் எளிய கொட்டகைகளில் வேலை செய்தார்கள். பிறகு கையில் பணம் சேரச் சேர வீடு கட்டிக்கொண்டார்கள்.

ஒரு பெரிய மனிதர் நம்மிடம் ஓர் ஆட்சேபம் சொன்னார். “கலைஞன் துணிக்குச் சாயம் போட்டுப் பிழைத்தால் கலை கெட்டுப் போகாதோ?” என்றார். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. கோயிலில் நடராஜ விக்கிரகம் வார்த்த ஸ்தபதியின் பட்டறையில்தான் குத்துவிளக்கும் தூபக்காலும் வார்த்தார்கள். கலை வேறு, கைத்தொழில் வேறு என்று பிரித்து, ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியிலும் மற்றொன்றைக் கூடையிலும் வைத்தது பிற்காலத்து ஏற்பாடு. சாயத் தொட்டியில் கை நனைத்ததனால் அந்த இளைஞர்களுக்கு ஒரு நஷ்டமும் நேரவில்லை; தாங்கள் எழுதும் படம் விற்றாலும் விற்காவிட்டாலும் மறுநாள் அடுப்பு எரியும் என்ற தைரியம் கிடைத்தது. அந்தத் தைரியத்துக்கு என்ன விலை என்பது, மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரருக்குப் பயந்து சந்து மாறிப் போகிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த வாழ்க்கையில் கஷ்டம் வேறொரு வாசல் வழியாக வருகிறது. அது பார்க்க வருகிற நம்முடைய கண்கள்! கிராமத்தில் வீடும் வேலைக்கூடமும் அநேகமாக ஒன்று. கண்காட்சிக் கூடத்தில் முடிந்த படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நடந்தால், முடியாத படத்தின் எதிரே நிற்கிற மனிதரைக் காணலாம். நாம் சென்ற அன்று, மர நிழலில் ஒருவர் செப்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவார், எழுந்து நான்கு அடி பின்னால் போய்ப் பார்ப்பார், மறுபடி உட்கார்ந்து தட்டுவார். அரை மணி நேரத்தில் தகட்டில் கட்டை விரல் அகலம் வளைவு ஏறியிருக்கலாம். அவரைச் சுற்றி ஒரு குடும்பம் நின்றது. குடும்பத் தலைவர், “இது என்ன சாமி?” என்று கேட்டார். “இன்னும் தெரியவில்லை” என்றார் சிற்பி. தலைவர் அதைப் பரிகாசம் என்று நினைத்து முகம் சுளித்தார். சிற்பியோ உண்மையைத்தான் சொன்னார் என்று நமக்குத் தோன்றியது. அடுத்த கேள்வி, “என்ன விலை?” அதற்கு அவர் சிரித்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

சங்கீத வித்துவான் சாதகம் செய்வதை நாம் எட்டிப் பார்ப்பதில்லை. கச்சேரிக்கு மட்டும் போகிறோம். இங்கேயோ சாதகத்தையே பத்துப் பேர் நடுவில் செய்ய வேண்டியிருக்கிறது. தப்பாகப் போட்ட கோட்டை அழிப்பதையும் பிறர் பார்க்கிறார்கள். சிலருக்கு இது பழகிவிடுகிறது. சிலர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சாத்திய கதவைத் தட்டுகிற விருந்தாளிகளும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

2009-ஆம் வருஷம் இங்கே திறக்கப்பட்ட சென்னை ஓவிய இயக்கக் காட்சிசாலையில் ஒரு முழுக் காலை நேரத்தைச் செலவிடலாம். பணிக்கர் 1960-களில் எழுதத் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசைப் படங்கள் நம்மைப் பிடித்து நிறுத்தின. தூரத்தில் பார்த்தால் பழைய ஜாதகக் கட்டம் போல் இருக்கிறது. கட்டங்கள், சக்கரங்கள், பொடிப் பொடியான எழுத்து வரிசைகள். கிட்டே போய் வாசிக்கப் பார்த்தால் வாசிக்க முடியவில்லை! மலையாள எழுத்துப் போல் நெளிகிறது, மலையாளம் அல்ல. நம் பாட்டிமார் படிக்கத் தெரியாவிட்டாலும் ஏட்டுச்சுவடிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு வைத்திருப்பார்களே, அந்தப் பயபக்தி ஏனோ நினைவுக்கு வந்தது. ஐரோப்பாவுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், நம் வீட்டுப் பெட்டியடியில் கிடக்கும் ஜாதகத்தில் தமக்கு வேண்டியதைக் கண்டெடுத்தார் என்பது நமக்குப் பெருமை தருகிறது.

ஜே. சுல்தான் அலியின் ஆதிவாசித் தெய்வங்களையும், பணிக்கரின் குமாரர் நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் இணைத்துச் செய்த உருவங்களையும் பற்றி இன்னொரு சமயம் விஸ்தாரமாக எழுத வேண்டும். இப்போது கே. ராமானுஜம் என்பவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறோம். 1941-இல் பிறந்தவர், பேச்சு சரியாக வராது, மனநோயின் உபத்திரவமும் உண்டு. அப்படிப்பட்டவரைப் பணிக்கர் சேர்த்துக்கொண்டார். கறுப்பு மையில், பின்னல் வேலை போன்ற நுண்ணிய கோடுகளால், அவர் ஒரு சொந்த உலகத்தைச் சிருஷ்டித்தார். கோபுரங்களும் மாடங்களும் அடுக்கடுக்காக எழும், விசித்திர மிருகங்கள் திரியும், தேவகன்னிகைகள் வருவார்கள், நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதர் ராஜா போல் வீற்றிருப்பார். அந்தத் தொப்பிக்காரர் ராமானுஜமேதான். வெளியுலகில் அவருக்குக் கிடைக்காத உபசாரமெல்லாம் காகிதத்தில் கிடைத்தது. 1973-ஆம் வருஷம், முப்பத்திரண்டு வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கிராமம் அவருக்குக் கூரை தந்தது, கூட்டாளிகளைத் தந்தது, காகிதமும் மையும் தந்தது. அவ்வளவும் போதவில்லை. அவருடைய படத்தின் முன் நின்ற ஒரு பள்ளிச் சிறுமி, கோபுரத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் கணக்குத் தவறவே முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாம் அவளைத் தொந்தரவு செய்யாமல் நகர்ந்தோம்.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். முதலில் வந்தவர்களில் விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் நகரத்துக்குக் குடியேறினார்கள். நந்தகோபால் 2017-இல் காலமானார். இருந்தும் கிராமம் கலைந்துவிடவில்லை. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் கலைஞர்கள் தங்கி வேலை செய்வதற்கு விருந்தினர் கூடங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் கருங்கல் சிற்பங்கள் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. திறந்தவெளி அரங்கு ஒன்றும் கட்டினார்கள். அதற்குப் ‘பாரதி’ என்று பெயர்.

போக விரும்பும் அன்பர்கள் மத்தியான வெயிலைத் தவிர்ப்பது நலம். குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். நம்மைவிட அவர்கள் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள். கதவு திறந்திருந்தால் வாசலில் நின்று பாருங்கள். வேலை செய்கிறவர் நிமிர்ந்து பேசினால் பேசுங்கள், பேசாவிட்டால் பாதகமில்லை. திரும்பும்போது, காலண்டர் மாட்டியிருக்கும் அந்தச் சுவரை நினைத்துக்கொண்டு விற்பனைக் கூடத்தையும் ஒரு தரம் எட்டிப் பாருங்கள். நாம் ஒரு சிறிய மசிச் சித்திரம் வாங்கி வந்தோம். ஆணி அடிக்கும் விஷயத்தில் வீட்டில் இன்னும் அபிப்பிராய பேதம் நீடிக்கிறது.