சிஸ்டரை யார் விசாரிப்பது?

தாம்பரத்தில் மின்ரயில் ஏறி சேத்துப்பட்டில் இறங்கினால், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை பக்கம்தான். அதன் வரலாறு 1794-இல் தொடங்குகிறது.

மனநல வார்டில் செவிலியரின் வேலை ஊசியோடு முடியாது. நோயாளி மாத்திரையை விழுங்கினாரா, நாக்குக்கு அடியில் ஒளித்தாரா என்று பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளத் துடிப்பவர்மேல் இரவெல்லாம் ஒரு கண் இருக்க வேண்டும். திட்டு விழும், சில நாள் அடியும் விழும். மாதக்கணக்கில் வாய் திறக்காதவர் திடீரென்று “சிஸ்டர், சாப்டீங்களா?” என்று கேட்டால் அன்றைய அலுப்பு பறந்துவிடும்.

ஆனால் தினமும் அப்படிப் பறந்துவிடுவதில்லை!

இப்படி நாளும் சேரும் பணிச்சோர்வு நோயல்ல, சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று 2019-இல் வகைப்படுத்தியது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்கு அழுத்தம் சம்பளச் சீட்டிலும் இருந்தது. 2015-இல் தேர்வான அரசுச் செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.