கடைகளை இடித்து ஆற்றைத் திறந்த ஊர்

படுத்துவிட்ட கடைத்தெருவைத் தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் நகராட்சிகள் வழக்கமாகப் புதிதாக ஒரு கட்டடம் கட்டும். வடகிழக்கு இங்கிலாந்தில் டீஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்டாக்டன் நகராட்சி வேறு வழியில் போனது. ஊர் நடுவில் இருந்த இரண்டு வணிக வளாகங்களை 2019-ல் காசு கொடுத்து வாங்கியது. அவற்றில் ஒன்றான காசில்கேட்டை 2022-ல் இடிக்கத் தொடங்கியது. அந்த இடத்துக்குத் திட்டமிட்டது பூங்கா. இருக்கிற கடைகளையும் இடித்தால் ஊர் எப்படிப் பிழைக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அன்றும் அது சரியென்றேன், இன்றும் சரியென்கிறேன்.

பக்கத்து ஊரான மிடில்ஸ்பரோவில் குடியிருக்கிறேன். ஸ்டாக்டனுக்கு நான் போவது சந்தைக்காக. புதன்கிழமையும் சனிக்கிழமையும் அங்கே சந்தை கூடும். நாட்டிலேயே அகலமான கடைத்தெரு எங்களுடையதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தெருவில் நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றும். தெருவின் நடுவிலேயே 1735-ல் கட்டிய ஊர் மன்றக் கட்டடம் நிற்கிறது. தார்ப்பாய் போட்ட கடைகள் அதே தெருவில் வரிசை கட்டியிருக்கும்.

பழக்கடையில் தராசுக்கு அதிகம் வேலை இல்லை. ஆப்பிள், தக்காளி, வெங்காயம் எல்லாம் பிளாஸ்டிக் கிண்ணங்களில் குவித்திருக்கும். கிண்ணம் இத்தனை பவுண்ட் என்று ஒரே விலை. நம் சந்தையில் கூறு கட்டி வைப்பதைப் போலத்தான். நாம் கை காட்டியதும் கடைக்காரர் கிண்ணத்தை அப்படியே பையில் கவிழ்ப்பார், காலிக் கிண்ணத்தை மறுபடி நிரப்பி அதே இடத்தில் வைப்பார். சாயங்காலம் கடை கட்டும் நேரம் நெருங்க நெருங்கக் குவியல் உயரும், விலை ஏறாது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி அரைக் கிண்ணம் உருளைக்கிழங்கு போதுமென்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரரும் அவசரப்படுத்தவில்லை. எந்த மருத்துவர் என்ன சொன்னார் என்பது முதல் கேட்டுக்கொண்டார். அந்தப் பாட்டி வீட்டில் உருளைக்கிழங்கு தீர்ந்துபோய் வந்தாரா, பேச்சுத்துணை இல்லாமல் வந்தாரா என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டுக்குமாக இருக்கலாம். ஒரு சந்தை செத்தால் இதுவும் சேர்ந்து சாகும். நகராட்சியின் வருவாய்க் கணக்கில் இது எந்த வரியிலும் வராது.

இந்தச் சந்தைக்கு 1310-ல் டர்ஹாம் ஆயர் ஆன்டனி பெக் உரிமை கொடுத்தார். அதற்குப் பிறகு ஊரை வளர்த்தது ஆறு. கடலிலிருந்து கப்பல்கள் டீஸ் வழியாக மேலேறி வந்து சரக்கை இங்கே இறக்கின. 1825-ல் டார்லிங்டன் பக்கத்திலிருந்து நீராவி ரயில் வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான். நிலக்கரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப் போட்ட தடம் அது. அடுத்த 2 ஆண்டுகளில் இதே கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், உரசினால் பற்றிக்கொள்ளும் தீக்குச்சியைச் செய்து விற்கத் தொடங்கினார். காப்புரிமை எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய பொருளை உலகத்துக்குச் சும்மா கொடுத்த மனிதரின் ஊர் என்பதாலேயே எனக்கு இதன் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

1970-களின் தொடக்கத்தில் இந்த ஊருக்குக் கேடு வந்தது, நவீனம் என்ற பெயரில். கடைத்தெருவின் கிழக்குப் பக்கத்தில் இருந்த பழைய விடுதிகளையும் வீடுகளையும் தரைமட்டமாக்கிவிட்டு காசில்கேட் வளாகத்தைக் கட்டினார்கள். கடைகள், ஓட்டல், அடுக்குமாடிக் கார் நிறுத்தம் எல்லாம் சேர்ந்த கான்கிரீட் மலை. அது ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. பின்னால் ஒரு பெரிய சாலை வேறு. அப்போது ஸ்டாக்டனுக்கு முதன்முறை வந்தவர் கடைத்தெரு முழுக்க நடந்துவிட்டு, எட்டி நடந்தால் தொட்டுவிடக்கூடிய தூரத்தில் ஆறு ஓடுவதே தெரியாமல் பேருந்து ஏறிப் போயிருக்கலாம்.

பிறகு ஊருக்கு வெளியே, பழைய குதிரைப் பந்தய மைதானத்தில், டீசைட் பார்க் என்ற பெரிய வணிக வளாகம் வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய இடம், காருக்குக் கட்டணம் கிடையாது. கார் வைத்திருந்தவர்கள் அங்கே போனார்கள். கார் இல்லாதவர்களும் முதியவர்களும் பழைய தெருவிலேயே நின்றார்கள். பின்னால் இணையக் கடைகள் வந்தன. 2018-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கதவைச் சாத்தியது. 2020-ல் டெபனம்ஸ் நாட்டில் பல கடைகளை மூடியபோது இங்கேயும் விளக்கு அணைந்தது.

இந்த இடத்தில்தான் நகராட்சியின் நிதானத்தை மெச்சுகிறேன். ஊரில் கடைக்கான இடம் தேவைக்கு மேல் இருக்கிறது, போன பெரிய கடைகள் திரும்பி வரப்போவதில்லை என்று அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் இதைச் சொல்வது சுலபமில்லை. காசில்கேட்டில் இருந்த வியாபாரிகளில் பலரை, வாங்கிய இன்னொரு வளாகமான வெலிங்டன் ஸ்கொயருக்கு மாற்றிக் கடைகளை ஒரே பக்கமாக நெருக்கினார்கள். காலியான இடத்தில், லண்டனின் டிராஃபால்கர் சதுக்கத்தைப் போல 3 மடங்கு பரப்பில், தெருவிலிருந்து ஆற்றங்கரை வரை இறங்கும் பூங்காவுக்குத் திட்டம் போட்டார்கள். குறுக்கே ஓடும் சாலைக்கு மேல் புல்தரை போர்த்திய அகலமான பாலம். மத்திய அரசின் கடைத்தெரு மேம்பாட்டு நிதி 1.65 கோடி பவுண்ட் கொடுத்தது.

இவர்கள் செய்த எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. 1935-ல் திறந்த குளோப் அரங்கத்தைப் புதுப்பித்து 2021-ல் மறுபடி திறந்தார்கள். 1963 நவம்பர் 22 அன்று, கென்னடி சுடப்பட்ட அதே நாளில், பீட்டில்ஸ் பாடிய மேடை அது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பாழான அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது நல்ல காரியம். ஆனால் செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டி 2.8 கோடி பவுண்டுக்கு மேல் போனது. வரி கட்டுகிறவர்கள் கோபப்பட்டது நியாயம்தான். அரங்கில் கூட்டம் இருக்கும் இரவில் உணவுக்கடைகளுக்கு வியாபாரம் நடக்கும். கிண்ணத்தில் தக்காளி விற்கிறவர் அதற்குள் தார்ப்பாயைச் சுருட்டி வீட்டுக்குப் போயிருப்பார்.

என்னைக் கேட்டால், பேசப்படாத இன்னொரு முயற்சிக்குத்தான் அதிக மதிப்பெண். கடைத்தெருவில் எண்டர்பிரைஸ் ஆர்கேட் என்ற பெயரில் நகராட்சியே ஒரு கூடம் நடத்துகிறது. கைவினைப் பொருள், சோப்பு, துணி என்று முதன்முதலாக வியாபாரத்தில் இறங்குகிறவர்களுக்கு அதில் குறைந்த வாடகையில் சின்னச் சின்ன இடம் கொடுக்கிறார்கள். கணக்கு வைக்கவும் சரக்கை அடுக்கவும் ஆலோசனை சொல்கிறார்கள். காலூன்றியவர்கள் அதே ஊரில் தனிக்கடை பிடித்துப் போகிறார்கள். சமையலறையில் சோப்பு காய்ச்சிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணால் பெரிய வளாகத்தில் வாடகைக்குக் கடை எடுக்க முடியாது, பல வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் துணிவும் வராது. அவர் தோற்றாலும் வீடு முழுகிவிடாதபடி ஒரு இடத்தை அமைத்துத் தருவது உள்ளூர் நிர்வாகத்தால் மட்டுமே முடிகிற வேலை. பூங்காவுக்கு வருகிறவர்கள் வாங்குவதற்கு ஏதாவது இருக்கவேண்டுமென்றால் இப்படிப்பட்ட கடைகள் பத்துப் பதினைந்து பக்கத்தில் வேண்டும். பூங்காவுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கையாவது வருடாவருடம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

டீசைட் பல்கலைக்கழகத்தில் படிக்க மிடில்ஸ்பரோ வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வாரச் சாமானை எல்லாம் போனிலேயே வாங்கி முடித்துவிடாதீர்கள். புதனோ சனியோ வகுப்பு இல்லாத நேரத்தில் பேருந்து ஏறுங்கள், தூரம் அதிகமில்லை. காலையிலேயே போனால் நல்ல பழம், கடை கட்டும் நேரத்தில் போனால் மலிவு. பை கொண்டுபோங்கள்.