விதைக்கோட்டை இருக்கு, முளைக்குமா?

போன வியாழக்கிழமை பகல் பூரா நம்ம தளம் திறக்கலைன்னு நாலஞ்சு பேர் போன் பண்ணிக் கேட்டீங்க. வாடகை கட்டாம விட்டுட்டீங்களா, எவனாவது உள்ள பூந்து கெடுத்துட்டானான்னு விசாரிச்சீங்க. ரெண்டும் இல்ல. கெடுத்தது நான்தான். அதை மறைக்காம எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன்.

நம்ம தளம் இருக்கறது ஷேர்ட் ஹோஸ்டிங்ல. பட்டணத்துக்காரங்களுக்கு இதைச் சொன்னா சட்டுனு புரியும்: ஒண்டுக்குடித்தனம். ஒரே வீட்டுல பத்துக் குடும்பம் இருக்கும், கிணறு ஒண்ணு, கொல்லை ஒண்ணு. அதுலயும் எங்களுது உள்வாடகை. சென்னையில இருக்கற என் தங்கச்சி மகன்தான் கணக்கு எடுத்தான். அந்த ஒரே கணக்குல மூணு தளம் இருக்கு. ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு எங்க விவசாயிங்க குழு அரிசி ஆர்டர் எடுக்கறது, மூணாவது அவன் வேலை பழகறதுக்கு வச்சிருக்கறது.

அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு மெயில் வந்துச்சு. இடம் 95 சதவீதம் ரொம்பிடுச்சுன்னு எச்சரிக்கை. களத்துல இடம் இல்லேன்னா பழைய வைக்கோலைத்தானே முதல்ல தள்ளுவோம்? நானும் சி-பேனலுக்குள்ள போயி ஃபைல் மேனேஜரைத் திறந்து, அப்லோட்ஸ்ங்கற ஃபோல்டர்ல 2018ன்னு இருந்ததை அழிச்சேன். குப்பைத்தொட்டிக்குப் போகாம அடியோட அழிக்கவான்னு ஒரு கட்டம் கேட்டுச்சு. தொட்டியில கிடந்தா இடம் குறையாதேன்னு அதுலயும் டிக் போட்டேன். அவ்வளவு புத்திசாலித்தனம்.

ஆறு நாள் எனக்கு ஒண்ணும் தெரியல. வியாழக்கிழமை அப்பாவோட தெவசம். படையல் போட்டுட்டு, பேத்தி கொள்ளுத்தாத்தா படத்தைக் காட்டுன்னா. அப்பா விதைக்கோட்டை கட்டற படம் அது. 2018 தை அறுவடை முடிஞ்சு, வைக்கோல் பிரியை இறுக்கிக்கிட்டே என்னைத் திரும்பிப் பார்த்தப்ப எடுத்தது. அவர் கட்டின கடைசிக் கோட்டை. எடுத்த போன், அந்த வருசம் நவம்பர் 16 விடிகாலையில கஜா அடிச்சப்ப ஓடு பறந்து தண்ணியில நனைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அந்தப் படம் தளத்துல மட்டும்தான் இருந்துச்சு. திறந்தா படம் இருந்த எடத்துல வெறும் கட்டம்.

கையெல்லாம் நடுங்கிப் போச்சு. அந்த அவசரத்துல இன்னொரு தப்பும் பண்ணேன். பேக்கப் எடுக்கறதுக்குன்னு மருமகன் ஒரு ப்ளக்-இன் போட்டு வச்சிருந்தான். பச்சை டிக்கோட ரெண்டு நகல் தெரிஞ்சுது. ரீஸ்டோர்னு இருந்ததை அமுக்கிட்டேன். பாதி ஓடி நின்னுச்சு. அதுவரைக்கும் படம்தான் இல்ல. அதுக்கப்புறம் தளமே இல்ல.

அப்புறம்தான் மருமகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, இனிமே எதையும் தொடாதீங்க"ன்னான். உள்ள போய்ப் பார்த்துட்டு அவன் சொன்னதுதான் எனக்குப் பாடம். இடத்தை அடைச்சது படங்க இல்லையாம். அந்தப் பேக்கப்பேதானாம். வெளியில எங்கயும் அனுப்பாம, அதே கணக்குக்குள்ளயே நகலைக் குவிச்சிருக்கு. இடம் ரொம்பினதும் கடைசி ரெண்டு நகலும் பாதியிலேயே நின்னிருக்கு. அதுக்கு முன்னாடி நல்லா இருந்த நகலை, பழசுன்னு அதுவே அழிச்சிருக்கு. கோட்டை கட்டி அழகா நிக்குது, உள்ள பூரா வண்டு.

"அப்ப படம் போனது போனதுதானா மாப்ளே?"

"ஹோஸ்டிங்காரங்க ராத்திரி ராத்திரி ஒரு நகல் எடுக்கறாங்க மாமா. ஏழு நாளுதுதான் வச்சிருப்பாங்க. நீங்க அழிச்சது வெள்ளிக்கிழமை. அதுக்கு முந்தின வியாழன் ராத்திரி நகல்ல படம் இருக்கும். ஆனா இன்னிக்கு ராத்திரி புது நகல் எடுத்ததும் அது போயிடும்."

கணக்கு முழுசையும் அந்த வியாழனுக்கே திருப்பிடேன்னு சொன்னேன். அவன் ஒத்துக்கல. அப்படிச் செஞ்சா மூணு தளமும் சேர்ந்து பின்னாடி போயிடும், ஆறு நாளா குழுவுக்கு வந்த அரிசி ஆர்டர் அத்தனையும் அழிஞ்சிடும்னான். என் வயல் காயுதுன்னு வாய்க்காலை வெட்டி அடுத்தவன் நாத்தை முழுகடிக்க முடியுமா? எங்க மடையை மட்டும்தான் திறக்கணும்.

போன்ல அவன் சொல்லச் சொல்ல நானே செஞ்சேன். முதல்ல, கெட்டுப்போன தளத்தையே அப்படியே ஒரு நகல் எடுத்துக் கம்ப்யூட்டர்ல இறக்கிக்கிட்டோம். இன்னும் கெட்டுச்சுன்னா இந்த நிலைமைக்காவது திரும்பலாமில்ல. அப்புறம் எது என்னோட டேட்டாபேஸ்னு கண்டுபிடிக்கணும். கணக்குல மூணு இருந்துச்சு, மூணுக்கும் பேரு பாதிக்குப் பாதி ஒண்ணாவே இருக்கு. என் தளத்து ஃபோல்டர்ல டபிள்யூபி-கான்ஃபிக்னு ஒரு ஃபைல் இருக்கு. அதைத் திறந்தா எந்த டேட்டாபேஸுன்னு பேரு எழுதியிருக்கு. இதைப் பார்க்காம தொட்டிருந்தா குழுவோட கணக்கைத்தான் கெடுத்திருப்பேன்.

ஒரு தளங்கறது ரெண்டு பொருள்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. படங்களும் மத்த ஃபைல்களும் ஃபோல்டர்ல இருக்கும். நான் எழுதின எழுத்து டேட்டாபேஸ்ல இருக்கும். ஒண்ணை மட்டும் காப்பாத்தி வச்சா பாதிதான் மிஞ்சும். எங்களுக்கு ரெண்டும் ரெண்டு நாளுது வேண்டியிருந்துச்சு. எழுத்து அன்னிக்குக் காலையில நான் கெடுக்கற வரைக்கும் சரியா இருந்ததால, டேட்டாபேஸை முந்தின நாள் ராத்திரி நகல்லேருந்து எடுத்தோம். 2018 ஃபோல்டரை மட்டும் பழைய வியாழன் நகல்லேருந்து எடுத்தோம். நல்லவேளை, எங்க ஹோஸ்டிங்ல ஃபைல் தனியா, டேட்டாபேஸ் தனியா எடுத்துக்கற வசதி இருந்துச்சு. எல்லா இடத்துலயும் இப்படி இருக்காதாம். சிலதுல அவங்களுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கணுமாம்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தளம் திறந்துச்சு. பேத்திதான் முதல்ல பார்த்தா. பிரியைக் கையில புடிச்சுக்கிட்டு அப்பா திரும்பிப் பார்க்கறாரு.

அவர் அந்தக் காலத்துல ரெண்டு கோட்டை கட்டுவாரு. ஒண்ணு நம்ம வீட்டுல இருக்கும், இன்னொண்ணு மேட்டூர்ப் பக்கமில்ல, மேட்டுப்பாங்கான அத்தை ஊர்ல இருக்கும். 1977 புயல்ல எங்க வீட்டு நெல்லெல்லாம் நனைஞ்சு முளைவிட்டுப் போச்சு. நான் சின்னப் பையன். மறு வருசம் அத்தை வீட்டுக் கோட்டையைப் பிரிச்சுத்தான் விதைச்சோம். அதையும் எடுத்ததும் விதைக்க மாட்டாரு. நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்குல சுருட்டி வைப்பாரு. எண்பதாவது முளைச்சாத்தான் நாத்தங்காலுக்குப் போகும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். எட்டு வருசத்து எழுத்தையும் படத்தையும் ஒரே குதிர்ல கொட்டி வச்சிட்டு, பச்சை டிக்கைப் பார்த்தே நிம்மதியா இருந்திருக்கேன்.

இப்ப அமாவாசைக்கு அமாவாசை முழு நகல் எடுக்கறேன். ஒண்ணு பீரோவுல இருக்கற ஹார்ட் டிஸ்க்ல, இன்னொண்ணு சென்னையில மருமகன்கிட்ட. போகத்துக்கு ஒரு தடவை அந்த நகலை என் பழைய லேப்டாப்புல விரிச்சு, தளம் திறக்குதா, படம் தெரியுதான்னு பார்க்கறதுக்கும் வழி பண்ணிக் குடுத்திருக்கான். அதுதான் எங்க ஈரச்சாக்கு.

உங்க வீட்டுலயும் பென் டிரைவ்லயோ கம்ப்யூட்டர்லயோ ஏதாவது பேக்கப் இருக்கும். இருக்குதான்னு மட்டும் பார்க்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை முளைக்க வச்சுப் பாத்துடுங்க.